இடது பக்க வலை

கோல் வலையில் விழுந்த கிழிசலைச் சேர்க்க முக்கால் மணி நேரம் போதும், மேடம். தறிக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அரை மணி நேரம். பிப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அதைச் செய்தேன்.

பெயர் அபிதகுசாம்பாள். வயது இருபத்து நான்கு. பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பட்டம் வாங்கி மூன்று வருடத்தில் கிடைத்த ஒரே வேலை, பட்டுக்கடையில் புடவை மடிப்பது. படித்தவள் மடித்தாலும் அதே மடிப்புதான். ஆரணி பெண்கள் ஹாக்கி அணிக்கு ஆறு வருடமாக நான்தான் கோல்கீப்பர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை சேத்துப்பட்டு அணியோடு லீக்கின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே கோப்பை எங்களுக்கு. ஜெயிக்கிற அணியின் கோல்கீப்பரை மாவட்ட அணியில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். வயது தாண்டுவதற்குள் போட்டாக வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் இந்தக் காக்கிச் சட்டைக்காகத்தான் ஆறு வருடம் பந்தை மார்பில் வாங்கினேன்.

முறையான கோலுக்கு அடியில் பலகை இருக்கும். எங்கள் மைதானத்தில் வலைதான் தரைவரைக்கும். இடது பக்க வலையில், தரையை ஒட்டி, பந்து நுழையும் அளவுக்குக் கிழிசல். வீட்டில் மிச்சமிருந்த, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முறுக்கி எடுத்துவந்து, தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற முடிச்சையே போட்டுச் சேர்த்தேன். தட்டையான முடிச்சு, வால் தெரியாது. அதில்தான் தப்பு செய்தேன். பாவு எந்நேரமும் விறைப்பாக இருக்கும். அந்த முடிச்சு விறைப்பில்தான் நிற்கும். வலையோ தொய்ந்து தொங்குவது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஆட்டம் சமனில் இருந்தது. முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது சேத்துப்பட்டு பவித்ரா இடது பக்கமாக வந்து அடித்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. அது பக்க வலை வழியாகத்தான் வந்திருக்க முடியும். வேறு வழியை நான் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அம்பயர் மாணிக்கவேல் சார் கோல் என்று ஊதினார். களம்பூர்க்காரர், டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது அம்பயர் வராததால் முழு மைதானத்துக்கும் அவர் ஒருவர்தான். நியாயமான மனிதர். பந்து பக்க வலை ஓட்டை வழியாக வந்தது என்று நான் சொன்னதும் வந்து, குனிந்து, வலையை இழுத்துப் பார்த்தார்.

“ஓட்டை எங்க கீது, காட்டும்மா.”

காட்ட முடியவில்லை. என் முடிச்சை நானே தேட வேண்டியிருந்தது.

“வலைய நல்லாத்தான் தெச்சிகிறா, சார். காலத்தான் தொறந்து வெச்சிகினு நின்னா,” என்றாள் பவித்ரா. எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அணியிலும் இரண்டு பேர்.

அரை மணி நேரத்தில் மைதானம் காலியானது. வலையிடம் போய்ப் பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்திருந்தது. வலையைக் கொக்கிகளிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். ஸ்டிக் கையில் இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

சார் சாமான் அறையில் தனியாக உட்கார்ந்து ஆட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், அவுந்துகினு கீது பாருங்க. கோல் செல்லாதுன்னு மாத்தி எழுதுங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தானா அவுந்த நூலு இப்படிப் பிசிறா இருக்காதும்மா. ஈரம் வேற காயல. பல்லால இழுத்தியா?” என்றார். கோபமே இல்லை. “பந்து உன் காலு நடுவுலதான் போச்சு. நானும் பாத்தேன், நீயும் பாத்த. வூட்டுக்குப் போ.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

முதலில் இடது கையில் அடித்தேன். கையெழுத்துப் போட வலது கை வேண்டும். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்ததாக டாக்டர் எழுதியிருப்பார். அடித்தது ஒரு தடவைதான், இன்னொன்று மேசை விளிம்பில் பட்டது. ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். நான் தூக்கவில்லை. அவர் கத்தினார். பின்தெருவில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்தது முழங்கால், எழுந்து ஓடாமல் இருக்க. பிறகு கீழே விழுந்த பேனாவைத் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

“இன்னா எழுதணும், சொல்லும்மா,” என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதினார். பந்து பக்க வலைக் கிழிசல் வழியாக உள்ளே வந்தது, கோல் செல்லாது. கையெழுத்து, தேதி. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

அதோடு போயிருப்பேன். தாழைத் திறந்தும்விட்டேன். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

“தாளு உன்னுது. கோலு கோலுதான்.”

கதவை மறுபடி சாத்தினேன். அதற்குப் பிறகு எத்தனை அடி என்று கேட்கிறீர்கள். எண்ணவில்லை. தாடை ஒரு பக்கமாகப் போனதும் அவர் கழுத்தில் தொங்கிய விசிலை வாய்க்குள் வைத்தேன். கோல் இல்லை என்று ஊதச் சொன்னேன். மூச்சோடு சேர்ந்து கொஞ்ச நேரம் ஊதியது. அது நின்றபோது நானும் நிறுத்தினேன். தாளில் ரத்தம் படாதபடி மடித்து அறிக்கைப் புத்தகத்தில் வைத்தேன். வலையைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவார்கள்.

முடிச்சைப் பல்லால் அவிழ்த்தது நான்தான், மேடம். அவரைக் கொன்றதும் நான்தான். எதையும் மறைக்கவில்லை. பந்து வந்த வழி வேறு விஷயம். அதை அவரே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். மாவட்ட அணித் தேர்வு மார்ச் பன்னிரண்டாம் தேதி. அந்தத் தாளின் நகல் ஒன்றை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.