மாவு தூவாத அப்பளம்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஆஸ்பத்திரிப் பை.

“டாக்டர் சொன்ன அன்னைக்கிலேருந்து நான் அப்பளம் இட்டு அடுக்கையில மாவு தூவலை, மைனி” என்றாள், பக்கத்திலிருந்த அண்ணியிடம்.

“அதான் நேத்து அடுக்கு பூரா ஒட்டிக் கிடந்துச்சா! ஏட்டி, ஏன் அப்படிச் செஞ்ச?”

“ஒடம்புல செல்லெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்குமாம். கேன்சர் வந்தா அந்தப் பிடிப்பு போயிருமாம். ஒண்ணு கழண்டு, ரத்தத்தோட போயி, வேற எங்கனயாவது ஒட்டிக்கிடுமாம். மாவு தூவுன அப்பளம் வழுக்குத மாதிரிதான?”

“ஒனக்குத்தான் கட்டிய அறுத்து எடுத்தாச்சுல்லா?”

“அதுக்கு முந்தியே ஒண்ணு கழண்டிருந்தா?”

மைனி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, இனிமே நானும் தூவலை. ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது.”

ஜன்னலுக்கு வெளியே ஆறு கூடவே வந்தது.

“காலம்பர அந்த அடுக்கைப் பிரிச்சுப் பாத்தேன், மைனி. பிரியவே இல்லை. கல்லு மாதிரி இருந்துச்சு.”

“அப்போ நல்லதுதான?”

“ஆனா வாசப்படியில ஒண்ணு மட்டும் கழண்டு தனியாக் கிடந்துச்சு. கிழியாம, முழுசா.”