முசாக்காவில் விழுந்த மிளகாய்த்தூள்

வாசகரே, மேடைகளில் எத்தனையோ உறுதிமொழிகளைக் கேட்டிருப்பீர்கள். இதற்கும் சாட்சியாக இருங்கள். வெஸ்ட்லி செல்லும் தொடருந்தில், என் முன்னிருக்கையில், புலம்பெயர்ந்து வந்த நடுவயது ஈழத்து நண்பர்கள் இருவர் அமர்ந்திருந்தனர்.

"முசாக்காவுக்கு வேணுமெண்டே மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டனான் மச்சான். ஒருத்தரும் ஏசேல்லை."

"எலேனி இருந்திருந்தால் அகப்பையாலையே போட்டிருப்பா."

"ஓம். 'எங்கடை கிரீஸ் சாப்பாட்டைக் கறியாக்கிப்போட்டாய்' எண்டு கத்துவாள். மனிசி செத்தாப்பிறகு அடுப்படியிலை சத்தமே இல்லையடா. கத்தரிக்காயை அடுக்கி, இறைச்சியைப் பரப்பி, எல்லாம் அவள் செய்தமாதிரித்தான் செய்தனான். ஒரு வாய் வைக்க ஏலேல்லை."

மற்றவர் இறங்குவதற்காக எழுந்து, பெட்டி முழுவதும் கேட்க உறுதியளித்தார்:

"ஞாயிற்றுக்கிழமை வாறன். நீ தூளைப் போடு. பக்கத்திலை நிண்டு நான் ஏசுறன்."