தலைவர் படம் கிழிந்தது பற்றி மோட்டார் ஆபரேட்டர் பிலோமின்ராஜ் சொன்னது

பெயர் பிலோமின்ராஜ், வயது 49, தகப்பனார் பெயர் அற்புதசாமி, இருப்பு மாதா கோவில் தெரு, வாழவந்தான்துறை பேரூராட்சி, திருச்சிராப்பள்ளி மாவட்டம். 04.08.2025 அன்று காலை பதினோரு மணிக்குக் காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர் விசாரித்தபோது நான் சொன்னது பின்வருமாறு:

நான் மேற்படி பேரூராட்சியில் பத்தொன்பது வருடமாகக் குடிநீர் மோட்டார் ஆபரேட்டராகத் தற்காலிக வேலை பார்க்கிறேன். மோட்டார் ரூம் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. அதை ஒட்டிப் படித்துறை. கடைசிப் படியைத் தாண்டி நாலு எட்டு வைத்தால், மணல் லாரிக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன குழி, இரண்டு ஆள் ஆழம். அங்கே "ஆழமான பகுதி, குளிக்காதீர், இங்கு 11 பேர் இறந்துள்ளனர்" என்று பேரூராட்சியே வைத்த இரும்புப் போர்டு ஒன்று இருந்தது.

சென்ற சித்திரையில் எங்கள் பேரூராட்சித் தலைவருக்கு ஊரைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதன்பிறகு நடந்த கூத்தைச் சொல்கிறேன். கரையில் சிமெண்டில் ஒரு முதலை செய்தார்கள். அது முதலை என்று கீழே எழுதிவைத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது தெருநாய்கள் அதன் வாய்க்குள் படுக்கின்றன. பூங்கா என்று இரண்டு ஊஞ்சல் போட்டார்கள், ஒன்றின் சங்கிலி திறப்பு விழாவன்றே அறுந்தது. அஸ்தமனம் பார்க்கும் மேடை கட்டினார்கள். அதில் ஏறி நின்றால் குப்பைக் கிடங்குக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கலாம்.

அதன்பிறகு ஆனி மாதக் கடைசியில் தலைவரும் செயல் அலுவலரும் படித்துறைக்கு வந்தார்கள். "ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போற கூட்டத்துல பாதியாச்சும் நம்ம ஊருக்கு வரணும்யா" என்றார் தலைவர். போட்டோ எடுத்தபோது போர்டு குறுக்கே நின்றது. "செத்தவன் கணக்கெல்லாம் போட்டோவுல வரணுமா? பிடுங்கிப் போடு" என்றார். "குழி இருக்குங்களே" என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான். செயல் அலுவலர் முறைத்தார். கடப்பாரையை எடுத்து நானே பிடுங்கி, மோட்டார் ரூமுக்குள் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். போர்டு எடுத்த அதே குழிகளில் சவுக்குக் கம்பு நட்டு, தலைவர் கும்பிடுகிற மாதிரி பன்னிரண்டடி பிளக்ஸ் கட்டினார்கள். "புனித நீராடும் துறை, அனைவரும் வருக" என்று எழுதி, கீழே அந்த மணல் குழியைப் பார்த்து ஓர் அம்புக்குறியும் போட்டார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

அதன்பிறகு நேற்று, ஆடிப் பதினெட்டு. முக்கொம்பு அணையில் திறந்துவிட்டதால் கொள்ளிடத்தில் தண்ணீர் கலங்கி ஓடியது. காலை ஒன்பது மணி சுமாருக்குத் திருவெறும்பூரிலிருந்து ஜெயக்குமார், வயது 27, அவர் மனைவி தேவதர்ஷினி ஆகியோர் வந்தார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம். கல்யாண மாலையை ஆற்றில் விட வந்திருந்தார்கள். நான் மோட்டார் போட உள்ளே போயிருந்தேன். ஐயோ என்ற சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தேன். மாலை மிதந்துகொண்டிருந்தது, அவரைக் காணோம். அவரைப் பிடிக்கப் போன அந்தப் பெண்ணுக்கும் கழுத்தளவுத் தண்ணீரில் கால் நழுவிக்கொண்டிருந்தது.

கயிறு இல்லை. சுற்றுலாத் தலத்தில் முதலை இருக்கிறது, ஒரு முழம் கயிறு கிடையாது. இளநீர்க்காரரின் அரிவாளை வாங்கிப் பிளக்ஸை வெட்டி இழுத்து, முறுக்கி வீசினேன். அந்தப் பெண் பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தபோது தலைவர் முகம் நெற்றியிலிருந்து மோவாய் வரை கிழிந்தது. இது உண்மை, மறுக்கவில்லை. அதன்பிறகு நான் குதித்து, மூன்றாவது முழுக்கில் ஜெயக்குமாரைத் தூக்கிவந்தேன். 108 வந்து பார்த்துவிட்டு உயிர் இல்லை என்றார்கள்.

அதன்பிறகு மதியம் செயல் அலுவலர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். செத்தவரைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். தலைவர் படத்தைக் கிழித்து அவமதித்ததாகவும் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகவும் புகார் தயாராக மேஜையில் இருந்தது. "பிலோமின், போர்டு விஷயத்தை விட்டுடுங்க. அந்தப் பையன் குடிச்சுட்டு எறங்கினான்னு எழுதிக் குடுங்க, பிளக்ஸ் கேஸை நாங்க விட்டுடறோம். நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு, பாத்துக்குங்க" என்றார். எனக்கு ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னதற்கு இப்போதும் கூசுகிறது.

நான் யோசிப்பதற்குள் அவர் குடித்திருந்தார் என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெயக்குமாரின் தாயார், "குடிகாரப் பயலையா பெத்தேன், சொல்லுடி" என்று மருமகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "அண்ணே, அவரு தொட்டதே இல்லைங்க. நீங்கதானே தூக்குனீங்க, நீங்க சொன்னா நம்புவாங்க, சொல்லுங்கண்ணே" என்றது. செயல் அலுவலர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 108 வரும்வரை கால் மணி நேரம் நான் ஜெயக்குமார் வாயில் வாய் வைத்து ஊதினேன். என் அப்பா குடித்தே செத்தவர், அந்த வாடை எனக்குத் தெரியும். அது இல்லை. அவர் வாயிலிருந்து என் வாய்க்கு வந்தது ஆற்றுக்குப் படைத்த காப்பரிசி. வெல்லம், எள்ளு, தேங்காய்ச் சில்லு. மென்று முடிக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. போர்டு பற்றிய வரிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள், கூடாது என்றேன். சொன்னதெல்லாம் நிஜம்.

(ஒப்பம்) அ. பிலோமின்ராஜ்