ஒரே ஒருத்தருக்கான கேள்வித்தாள்

— கையை எடு தம்பி. சாப்பாடு ஆறுது.

— இந்த ஒரு பத்தி மட்டும் டீச்சர்... இருங்க.

— இதையேதான் அப்பலேர்ந்து சொல்றே. மூங்கில் குருத்தும் பன்றிக்கறியும் போட்டு வச்சிருக்காங்க. ஆறினா கொழுப்பு மெழுகாட்டம் உறைஞ்சிடும்.

— உறையட்டும். டீச்சர், உங்க இருபத்தஞ்சாவது கேள்வி இருக்கே, 'அடிக்கோடிட்ட சொல்லுக்கு என்ன பொருள்'னு...

— இருக்கு. அதுக்கென்ன?

— கோடு எங்க?

— அதான் தாள்லயே... ஓ.

— பக்கம் முழுக்கத் தடவிட்டேன். புள்ளி புள்ளியா எழுத்து வருது. கோட்டைக் காணோம்.

— கோடு போட உங்க பிரெய்ல்ல வழி இல்லையா, போயுவான்?

— இருக்கு, சொல்லுக்கு முன்னாடி ஒரு குறி வைக்கலாம். ஆனா அந்தக் குறியை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் குடுத்திருக்கணுமே. பேசாம 'மூணாவது பத்தியில வர்ற இந்தச் சொல்'னு கேள்விக்குள்ளயே சொல்லை எழுதிடுங்க.

— மூணாவது பத்தி, ரெண்டாவது வரின்னு போட்டுடறேன்.

— வரி வேணாம். உங்க வரி வேற, எங்க வரி வேற. வாக்கியம்னு போடுங்க.

— சரிப்பா, வாக்கியம். முப்பது வருஷமா பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் நடத்தறேன். என் கேள்வியை ஒருத்தரும் இப்படித் தடவிப் பாத்துக் குத்தம் சொன்னதில்லை.

— மத்தவங்க கண்ணால பாத்துட்டு மனசுக்குள்ள திட்டியிருப்பாங்க.

— வாய் ரொம்பத்தான் நீளம். பிரெய்ல் அச்சகத்துல எல்லாரும் இப்படித்தானா?

— பிழை பாக்கறவனைக் கூப்பிட்டா பிழைதான் பாப்பான். நான் என்ன பண்றது... ம், குருத்து நல்லாயிருக்கே.

— உறைஞ்சிடுச்சுன்னு பாத்தேன்.

— பாதிதான் உறைஞ்சிருக்கு. ஜன்னல்ல காகிதம் ஒட்டியிருக்காங்கன்னு சொன்னீங்களே, இன்னும் இருக்கா?

— பரீட்சை முடியற வரைக்கும் இருக்கும், கேள்வி வெளிய போகாம நம்மளையும் உள்ளயே பூட்டியிருக்காங்களே. வெளிய வெயிலா மழையான்னுகூட எனக்குத் தெரியலை.

— மழை. காலையிலேர்ந்து மூங்கில்ல அடிக்குது.

— பாரு, காகிதம் ஒட்டினதுல உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

— போனைப் பிடுங்கிட்டாங்களே, அது நஷ்டம்தானே. எங்கம்மாகிட்ட ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எந்த ஊருன்னு கேட்டாங்க. வாயில வந்த ஊரைச் சொன்னேன். அங்க வாத்துக்கறி பிரமாதமா இருக்குமாம், வாங்கிட்டு வான்னுட்டாங்க.

— ஐயோ பாவம். நான் என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. பெட்டியை எடுத்ததுமே, கேள்வித்தாள் போடப் போறியா, சரி போன்னுட்டார்.

— நல்ல மனுஷன்.

— ஒரு மாசம் டிவி அவர் கையில. நல்ல மனுஷனா இருக்க என்ன கஷ்டம்? சரி, சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. வேற என்ன குத்தம்?

— அந்த ஏழுல அஞ்சு.

— எது... கதையில அஞ்சு வாக்கியத்தை உருவிட்டு, கீழ ஏழு வாக்கியம் குடுத்திருக்கோமே, அதுவா?

— அதேதான். உங்க பசங்க மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வைன்னு பாத்து முடிச்சிடுவாங்க. விரலுக்கு அப்படி எகிறத் தெரியாது டீச்சர். மூணு பக்கம் புரட்டி வாக்கியத்தைப் படிச்சு, அதை மனசுல பிடிச்சுக்கிட்டே திரும்பி வந்து, விட்ட இடத்தைத் தேடணும். அதுக்குள்ள பாதி மறந்துடும். அப்ப அது இங்கிலீஷ் பரீட்சையா, ஞாபகசக்திப் பரீட்சையா?

— நேரம் பாதிக்குப் பாதி கூடவே குடுக்கறாங்களே.

— நேரம் இருக்கு. கை ரெண்டுதானே இருக்கு.

— புரியலை.

— கேள்வியைத் தனித் தாள்ல அடிங்க, புத்தகத்தோட சேத்துத் தைக்க வேணாம். இடது கை கதை மேல, வலது கை கேள்வி மேல. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும். எங்க, உங்க கையைக் குடுங்க... இதோ, இது கதை. இது கேள்வி. தெரியுதா?

— எனக்கு ரவை மேல கை வச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா நீ சொல்றது தெரியுது. இதை ஏன் முன்னமே யாரும் சொல்லலை?

— முன்னமே யாரும் கேக்கலை.

— ...எழுதி வச்சுக்கறேன். முடிஞ்சுதா?

— பெருசு ஒண்ணு பாக்கி. வாசிச்சு விடை எழுதற முதல் பாடம். அந்தப் பூங்கா வரைபடம்.

— அதுக்கு எழுத்துல விவரம் அடிச்சுக் குடுத்திருக்கோமே.

— அதான் தப்பு. 'ஏரியிலேர்ந்து கிளம்பி, பாலத்தைத் தாண்டினா முதல்ல எது வரும்'னு கேள்வி. உங்க விவரத்துல என்ன இருக்கு தெரியுமா? 'பாலத்தைத் தாண்டியதும் தேநீர்க்கடை உள்ளது.' விடையைத் தட்டுல வச்சுக் குடுத்துட்டீங்க.

— அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் சுலபமா இருந்துட்டுப் போகட்டுமே தம்பி.

— அது மட்டும் வேணாம் டீச்சர். நாளைக்கு நல்ல மார்க் எடுத்தா, 'அதுக்கு வேற பேப்பர், இரக்கப்பட்டுப் போட்ட பேப்பர்'னு காலம் பூரா பேசுவாங்க. அதுக்கு எழுதாமலே இருக்கலாம்.

— கத்தாதே. நடையில காவலர் நிக்கறார்.

— மன்னிச்சுக்குங்க. ஆனா இதை விட முடியாது.

— நீ சொல்றதுக்கு என்ன அர்த்தம்னு புரியுதா? மூணு லட்சம் பேர் எழுதற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுத் தாள். பிரெய்ல் கேட்டிருக்கறது ஒரே ஒரு ஆள். அந்த ஒருத்தருக்காக மூணு லட்சம் பேரோட முதல் பாடத்தையும் மாத்தணுங்கறே. குழு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட பாடம் அது.

— பூங்காவே வேணும்னு அந்த மூணு லட்சம் பேர்ல எவனாவது அழறானா?

— நான் போட்ட பாடம்யா அது. நாலு நாள் உக்காந்து அந்த வரைபடத்தைச் சரி பண்ணினேன்.

— ...அது எனக்குத் தெரியாது.

— தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?

— சொல்லியிருப்பேன். கொஞ்சம் மெதுவா சொல்லியிருப்பேன்.

— தட்டை முடி. நான் மேல போய்ப் பேசிட்டு வர்றேன்.

* * *

— போயுவான், தூங்கிட்டியா?

— இல்லை டீச்சர். உக்காந்திருக்கேன். என்ன சொன்னாங்க?

— முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அந்த வரைபடத்தோட மூணு கேள்வியை அந்த ஒருத்தருக்கு மட்டும் நீக்கிட்டு, மிச்ச மார்க்கைக் கணக்குப் போட்டுப் பெருக்கிக்கலாம்னாங்க.

— நீங்க?

— எல்லாரும் எழுதற பரீட்சையை அவங்களும் எழுதத்தான் பேர் குடுத்திருக்காங்க, முக்கால் பரீட்சைக்குக் குடுக்கலைன்னேன். தலைவருக்கு முகம் சுருங்கிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் பேச்சுத்தான். கடைசியில, கைவசம் வேற பாடம் இருந்தா கொண்டான்னார்.

— இருந்துச்சா?

— இருந்துச்சு. படமே கிடையாது. ஒரு தீவுல கம்பளி நூலுக்குச் சாயம் போடற பொம்பளையைப் பத்தி. பாசி, கிழங்கு, இலைன்னு பொறுக்கிட்டு வந்து சாயம் காய்ச்சறா. எல்லாருக்கும் இதான் இனிமே. நீ சொல்ற அந்த ஒருத்தருக்கும் இதான்.

— சாயமா... டீச்சர், அப்ப பாடம் முழுக்க நிறம்தானே வரும்?

— வரும்.

— பொறந்ததுலேர்ந்து பார்வை இல்லாத பிள்ளையா இருந்தா? மஞ்சளுக்கும் காவிக்கும் என்ன வித்தியாசம்னு அது எங்க போகும்? வேற ஏதாவது பாருங்களேன். சமையல், சங்கீதம்...

— மதியானம் என்கிட்ட என்ன சத்தம் போட்டே? இரக்கம் வேணாம்னு நீதானே சொன்னே?

— அது வேற, இது...

— ஒரு வேறும் இல்லை. நீ பொறந்ததுலேர்ந்து பாக்காதவன்தானே? 'செக்கச் செவேல்னு முகம் மாறிடுச்சு'ன்னு படிச்சா, உனக்குக் கோபம்னு புரியாதா?

— புரியும்.

— நான் கடலுக்கடியில போனதே இல்லை. மீனைப் பத்தின பாடத்துக்கு எத்தனையோ கேள்வி போட்டிருக்கேன். அந்தப் பிள்ளை எதைப் படிக்கலாம்னு நீயே முன்னாடி போய் வேலி கட்டாதே.

— வெக்கமா இருக்கு. குடுங்க, அடிச்சுத் தடவிப் பாத்துடறேன்.

— நிதானமாப் படி. நான் டீ போடறேன்.

— ...

— என்ன அதுக்குள்ள நிமிர்ந்துட்டே? தண்ணியே இன்னும் கொதிக்கலையே.

— முடிச்சிட்டேன். மூணு கேள்விக்கும் விடை சொல்லவா?

— உன்னைப் பிழை பாக்கத்தானே கூப்பிட்டாங்க, விடையும் சொல்றியா? சரி சொல்லு.

— முதல் கேள்வி, சி. ரெண்டாவது, ஏ. மூணாவது... சரியா வராத நூலை அவ ஏன் தூக்கிப் போடாம வச்சிருக்கான்னு கேட்டிருக்கீங்க. பி. தூக்கிப் போட மனசு வரலை.

— தப்பு.

— எப்படித் தப்பு? ஒவ்வொரு நூலும் அவ உழைப்புன்னு நாலாவது பத்தியில இருக்கே.

— கடைசிப் பத்தி படிச்சியா?

— படிச்சேன்... பாதி.

— மீதியைப் படி. வாய்விட்டே படி.

— ம்... அந்த வருஷம் மழை அதிகம், பாசியில தண்ணி ஏறிடுச்சு... நிறம் மங்கினதே அந்த வருஷத்து மழைக்குச் சாட்சி... அடடா. அப்ப டி. அவளுக்கு அது தப்பான நூலே இல்லை.

— அதான். பி பாக்க இதமா இருக்கும். அவசரக்காரனைப் பிடிக்கத்தான் அதை வச்சேன்.

— வசமா மாட்டிக்கிட்டேன். ரெண்டரை மார்க் போச்சு.

— உனக்கென்னப்பா மார்க்கு? நீயா பரீட்சை எழுதறே?

— ...இல்லை, சும்மாதான். பாடம் நல்லாயிருக்கு டீச்சர். பாலமும் தேநீர்க்கடையும் இதுக்குப் பக்கத்துலகூட வராது.

— தெரியும். அதான் எரிச்சல். இந்தா டீ, சுடும். வலது பக்கம் வச்சிருக்கேன்.

* * *

— மழை விட்டுடுச்சு போல.

— விட்டுடுச்சு தம்பி. ஜன்னல் காகிதத்தையும் கிழிச்சாச்சு. முற்றம் பூரா வெயில். எனக்குக் கண்ணு கூசுது.

— மணி அடிச்சுதா?

— பரீட்சை நடக்கற இடத்துல எல்லாம் அடிச்சிருக்கும். மத்தவங்க எல்லாரும் இந்நேரம் வெளிய வந்து, வாசல்ல அம்மா அப்பா பூங்கொத்தும் கையுமா... அந்த ஒருத்தர்தான் இன்னும் உள்ள இருப்பாங்க, கூடுதல் நேரத்துல. அவங்க முடிச்சாத்தான் நம்ம கதவும் திறக்கும்.

— அப்ப இந்தக் கட்டடமே அந்தப் பிள்ளைக்காகக் காத்துக்கிட்டிருக்கு.

— காவலர்லேர்ந்து சமையல்காரர் வரைக்கும். நம்ம தலைவர் பெட்டி மேலயே உக்காந்திருக்கார்.

— பிள்ளை பிள்ளைன்னு சொல்றோம். ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது.

— தெரியவும் கூடாது. எனக்கு என்னவோ பொண்ணுன்னே மனசுல பதிஞ்சுடுச்சு. ரெட்டைச் சடை, கோபக்காரி.

— கேள்வித்தாள் தனியா, புத்தகம் தனியான்னு கைக்கு வந்ததும் என்ன நினைச்சிருக்கும்?

— ஒண்ணும் நினைச்சிருக்காது. வேலை சுலபமா ஓடினா அதை யாரு கவனிக்கறா?

— அதுவும் சரிதான்.

— இந்தா, யாங்மெய்ப் பழம். சமையல்காரர் குடுத்தார். சட்டையில ஒழுக விடாதே, கறை போகாது.

— ம்... புளிப்பு. நல்ல புளிப்பு.

— ஏன், மீதிப் பழத்தைக் கையிலயே உருட்டிக்கிட்டிருக்கே? பிடிக்கலையா?

— ஒண்ணுமில்லை. எனக்குப் பதினெட்டு வயசுல இப்படி ஒரு பேப்பரே கிடையாது டீச்சர். என் வகுப்புல எல்லாரும் மசாஜ் பள்ளிக்கூடத்துக்குப் போனோம், பார்வை இல்லாதவங்களுக்கு வேற கதவு இல்லை. எனக்குக் கை சரியில்லைன்னு அச்சகத்துக்குத் தள்ளிவிட்டுட்டாங்க.

— இந்தக் கையா சரியில்லை?

— முதுகு பிடிக்கச் சொன்னா முதுகெலும்பை எண்ணிக்கிட்டிருப்பேனாம்.

— நல்ல வேளை, தள்ளிவிட்டாங்க... கேட்டுதா? தாழ்ப்பாள்.

— கேட்டுது. திறக்கறாங்க.

— முடிச்சிட்டாங்கப்பா. நம்ம ஆள் எழுதி முடிச்சாச்சு.

— ...ஆமா.

— என்ன, அழறியா?

— யாங்மெய் புளிக்குது.

— சரி சரி. இந்தா கைக்குட்டை. பார் போயுவான், நான் தலைவர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருஷமும் பிரெய்ல் தாளுக்கு நீதான் வரணும், வேற ஆள் வேணாம்னு. அவரும் சரின்னுட்டார்.

— நான் வரலை டீச்சர்.

— ஏன்? ஏதாவது மனசுல வச்சிருக்கியா? அந்தக் கடைசிப் பத்தியைச் சொல்லித் திட்டினேனே, அதுவா?

— அதெல்லாம் இல்லை.

— அம்மா தனியா இருக்காங்களா? ஒரு மாசத்துக்கு யாரையாவது...

— எங்கம்மாதான் ரெண்டு வருஷமா சாயங்காலம் சாயங்காலம் எனக்குப் பாடத்தை வாசிச்சுக் காட்டறாங்க.

— பாடமா? எந்தப் பாடம்?

— வரலாறு, அரசியல், கணக்கு, எல்லாம்தான். பார்வை இல்லாத பசங்களுக்கு இங்கிலீஷ் டீச்சரா போகணும்னா பட்டம் வேணுமாம். நான் வேற யாருக்கும் சொல்லலை. அடுத்த வருஷம் பிழை பாக்க வேற ஆளைக் கூப்பிடுங்க டீச்சர்... பரீட்சை எழுதறது நான்.