தேய்மானக் கவர்கள்

"நாலு மிஷினும் நாள் பூரா ஓடுது, மிச்சம் எங்கேன்னு கேட்டா..."

"அம்மா எழுதுற கணக்குல தப்பு வராதுன்னு எத்தனை தடவை..."

"தப்புன்னு நான் சொன்னேனா? காசு எங்கேன்னு கேட்டேன். உங்க கண்ணுக்கு மூணு மாசத்துக்குள்ள ஆபரேஷன்னு டாக்டர் சொல்லி, ரெண்டு மாசம் ஓடிப்போச்சுங்க!"

"இருந்தா அம்மா தரமாட்டாங்களா? வாயை மூடிக்கிட்டு பட்டனைத் தை."

மகனும் மருமகளும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தபோது, அதே தையற்கடையில், மூன்றடி தள்ளி, நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். முனை கூராக இல்லாவிட்டால் எனக்கு எண் எழுத வராது.

ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவள் நான். ஓய்வு பெற்றதும் மகன் தன் கடைக் கணக்கை என்னிடம் விட்டான். அவனுக்குத் துணியை அளக்கத் தெரியும், காசை அளக்கத் தெரியாது. கல்லாவிலிருந்தே பால் வாங்குவான், பிள்ளைக்குச் செருப்பு வாங்குவான். வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் நான்தான் பிரித்தேன். அவனுக்கே மாதச் சம்பளம் போட்டேன். பில்களை நாள்வாரியாகக் கம்பியில் குத்தி வைத்தேன். பக்கத்து சைக்கிள் கடைக்காரர்கூட வந்து, "பெரியம்மா, எனக்கும் ஒரு நோட்டுப் போட்டுக் குடுங்க. என் கல்லாவுல எலி குடியிருக்கு போல," என்பார். கடைசியில் அவர் நோட்டும் என் கைக்கு வந்தது.

ஒரே வருடத்தில் நல்ல மிச்சம் நின்றது. மகன் சொன்னான்: "இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா உன் மருமக ஊர்லயே பெரிய கடையா போட்டு அங்கேயே போயிடலாம்மா. நீ இங்கேயே இருந்து இந்த வீட்டைப் பார்த்துக்க."

நல்ல யோசனை என்றேன். அடுத்த சனிக்கிழமை, செலவுப் பக்கத்தில் தேய்மானம் என்று ஒரு வரி சேர்த்தேன்.

மிஷின் பழசாகப் பழசாக மதிப்புக் குறையும். அந்தக் குறைவைக் கணக்கில் எழுதுவதுதான் தேய்மானம். யாருக்கும் கொடுக்கிற பணமல்ல அது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை நான்தான் விளக்குவேன். மகனுக்கு விளக்கவில்லை. "இது யாருக்கும்மா?" என்றான். "கட்டித்தான் ஆகணும்டா," என்றேன். வாடகை, கரண்ட் பில் மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டான். நான் எழுதிய தொகையை வாராவாரம் கவரில் போட்டு என் கையில் கொடுப்பான். நியாயமாக எழுத வேண்டியதைப் போலப் பத்து மடங்கு எழுதினேன்.

அதில் ஒரு காசு நான் தொட்டதில்லை. கவர்கள் தேதி வரிசையில் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் அவனுக்குத்தானே என்று சொல்லிக்கொள்வேன்.

பிறகு அவன் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினான். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு வேண்டியதைப் போல இரண்டு பங்கு பெட்டியில் இருந்தது.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ஏது என்று கேட்பார்கள். மருமகள் என் முகத்தைப் பார்ப்பாள். சைக்கிள் கடைக்காரர் தன் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்தன. மருமகள் வளையல்களை விற்று, தெரிந்தவர்களிடமெல்லாம் கை நீட்டிப் பணம் சேர்த்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆபரேஷன் நடந்தது. பார்வை நிற்கவில்லை.

மகன் என்னைத்தான் தேற்றினான். "நீ என்னம்மா செய்வே? இருந்தாத்தானே குடுப்பே." அன்றிலிருந்து நான் கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதில்லை.

நோய் தானாக வந்தது. பார்வையைப் போகவிட்டது நான். பணத்தாசையால்கூட அல்ல, வெட்கத்தால்.

நேற்று மிஷின்களை விற்றோம். நான்கும் வண்டியேறிய பிறகு, மகன் வெறுந்தரையைக் காலால் துழாவித் துழாவி வந்து என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சிரித்த முகமாகத்தான் கேட்டான்.

"மிஷினே போயிடுச்சு, இனிமே தேய்மானம் கட்ட வேணாமில்லம்மா? இத்தனை நாள் கட்டினதுல கொஞ்சமாவது திருப்பித் தருவாங்களா? ஆளு யாருன்னு மட்டும் சொல்லு, நானே போய்க் கேட்டுப் பாக்கறேன்."