கடலுக்குப் போய்க் கல்லைத் தட்டியவர்

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“கடலப் பாக்கக் கூட்டிட்டுப் போனா, எங்க வீட்டுக்காரரு கல்லத் தட்டிக்கிட்டு நின்னாருக்கா.”

“திருகோணமலையிலயா?”

“ஆமா. தோட்டத்துல தண்ணிக் கான் வெட்டுறதுக்கு முந்தி அலவாங்குக் கம்பியால கல்லு கெட்டியா மெதுவான்னு தட்டிப் பாப்பாருல்ல, அதே பழக்கம். ‘கெட்டிக் கல்லு மூக்கு மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது பாரு. பக்கத்துல இருந்த மெதுவான கல்லக் கடல் அரிச்சுத் தின்னுருச்சு. அதான் இந்த எடம் வளைஞ்சு கெடக்கு’ன்னாரு. எல்லாரும் குளிக்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் மானத்த வாங்குறீங்கன்னு திட்டித் தீத்துட்டேன்.”

“அவரு தவறி ரெண்டு வருசமாச்சு. மகன் கூப்புடுறான்ல, கடலுக்கு ஒருக்கா போயிட்டு வாயேன்.”

“போயி யாரக்கா திட்டுறது?”