மெஹந்திப் படங்களை நான் இரண்டு முறை அழித்த விவரம்

கமர் ஜஹான், வயது 44, கணவர் பெயர் ஆசிஃப், மசூதிச் சந்து, சைதாப்பேட்டை, சென்னை. தொழில், கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் பிடிப்பது. சைபர் குற்றப் பிரிவு உதவி ஆய்வாளர் முத்துலட்சுமி அம்மா முன் இன்று ஆஜராகி, யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். வீட்டில் உருது பேசுவோம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். தி.நகரில் மகேஷ் என்பவர் நடத்தும் ஸ்டூடியோவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்தில் பெண்ணை மணப்பெண் என்றும், என் மேல் புகார் கொடுத்த அவளுடைய மாமனாரைப் புகார்தாரர் என்றும் மட்டுமே சொல்கிறேன். புகாரிலும் மருமகள் என்றுதான் உள்ளதாக உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார்.

எங்கள் ஜனங்களில் மெஹந்தி, அதாவது மருதாணி, வைக்கும் விசேஷம் பெண்களுக்கு மட்டும் உள்ளது. ஆண்கள் உள்ளே வர மாட்டார்கள். மணப்பெண் தலையில் துணி இல்லாமல் இருப்பாள், தங்கைகளோடு ஆடுவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். அதைப் படம் பிடிக்க என்னைப் போல ஒரு பெண்தான் வேண்டும். படங்களைப் பென் டிரைவில் போட்டு மணப்பெண்ணின் தாயார் கையில் கொடுத்த பிறகு, ஸ்டூடியோவில் இருக்கும் நகலை அவர் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டுவது என் வழக்கம். இதை அமானத் என்போம். நம்பிக் கொடுத்ததைக் கறைபடாமல் திருப்பிக் கொடுப்பது என்று அர்த்தம். என் கேமரா ஒன்றும் பெரிய கேமரா இல்லை, வாய்தான் பெரியது என்று மகேஷ் கேலி செய்வார். ஆனால் சொன்ன சொல் தவறாத வாய் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தச் சொல்லுக்காகத்தான் ராயப்பேட்டையிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள்.

ஸ்டூடியோவின் பின் அறையில் எல்லாக் கல்யாணப் படங்களும் வைக்கும் ஸ்டோரேஜ் சர்வர் ஒன்று உள்ளது. நாங்கள் அதைப் பெட்டி என்போம். அதைப் பராமரிப்பவர் மயிலாப்பூர் ஸ்ரீவத்சன். எடிட்டிங் வேலை சக்திவேலுடையது. கடை முகப்பில் தெருவைப் பார்த்தபடி பெரிய டிவி ஒன்று உண்டு. பெட்டியில் இருக்கும் கல்யாணப் படங்களை அது தானாக எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக்கொண்டே இருக்கும். என் படங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் டிவி எடுக்காதபடி தடை போட்டு வைப்பேன். அழித்த பிறகு தடையையும் எடுத்துவிடுவேன். காலி அறைக்கு எதற்குப் பூட்டு என்பது என் எண்ணம்.

மேற்படி மணப்பெண்ணின் மெஹந்தி வடபழனியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான்தான் படம் பிடித்தேன். கல்யாணம் முடிந்து சில நாட்கள் கழித்துத் தாயார் ஸ்டூடியோவுக்கு வந்தார். பென் டிரைவைக் கொடுத்த பிறகு அவரைப் பின் அறைக்கு அழைத்துப் போய், பெட்டியில் இருந்த ஃபோல்டரைத் திறந்து காட்டி, பிஸ்மில்லா சொல்லி அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டினேன். அவர் என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார். அவர் போன பிறகு ஒன்றைக் கவனித்தேன். அத்தனை படங்களை அழித்தும் பெட்டியில் காலி இடம் கூடவே இல்லை. சக்திவேலைக் கேட்டதற்கு, "அது எப்பவும் அப்டித்தான்கா, பழைய பெட்டி, மெதுவாத்தான் கணக்கு காட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு சென்ற வாரம், அய்யாதுரை என்கிற துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைச் சக்திவேல் கை தவறி அழித்துவிட்டார். பெட்டியில் பழைய தேதிக்குப் போய் எடுத்துக்கொள்ளும் வசதி இருப்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எடுக்காமல், அவசரத்தில், எல்லாக் கல்யாணங்களும் அடங்கிய மேல் ஃபோல்டரையே பழைய தேதிக்குத் திருப்பிவிட்டார். ஆல்பம் கிடைத்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டார். கூட என்னவெல்லாம் திரும்பி வந்தது என்று பார்க்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

சம்பவத்தன்று மாலை மகேஷ் எனக்குப் போன் செய்து, "கமரம்மா, கடை வாசல்ல ஆள் கூடி நிக்காவ, நீங்க சட்டுனு வாங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. நான் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். கடை வாசலில் பை தூக்கிய ஆண்கள், பொரி விற்பவர், இரண்டு மூன்று வாலிபர்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். நானும் பார்த்தேன். டிவியில் மணப்பெண் இருந்தாள். முடி அவிழ்ந்து தோளில் கிடக்க, இரண்டு கையையும் மருதாணி காயத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் ஏதோ கிண்டல் சொன்னதற்குத்தான் அந்தச் சிரிப்பு. என் கையால் நான் அழித்த படம் அது.   ஒரு வாலிபன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அவனைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அதற்காக இப்போது அழுகிறேன்.

அதன் பிறகு உள்ளே ஓடி, "இன்னாடா இது, இன்னா பண்ணி வெச்ச" என்று சக்திவேலைப் பிடித்து உலுக்கினேன். அவர் "அக்கா, சத்தியமா தெரியாதுக்கா, இதோ அழிச்சிட்றேன்" என்று பெட்டியிலிருந்து அந்த ஃபோல்டரை அழித்தார். நான் வெளியே வந்தேன். டிவியில் அடுத்த படம் வந்தது. அதுவும் அவள்தான், தங்கையோடு ஆடுகிறாள். "அழிச்சிட்டேன்ற, ஓடிக்கினு கீதே" என்று கத்தினேன். "அழிச்சிட்டேன்கா, பாரு, இங்க இல்லவே இல்ல" என்று உள்ளிருந்து அவரும் கத்தினார். நான் ஸ்டூலில் ஏறி டிவியின் ஒயரைச் சுவரோடு பிடுங்கினேன். ப்ளக் பாயிண்ட் பெயர்ந்து கையோடு வந்தது. அப்போதுதான் அவள் முகம் அணைந்தது.

மறுநாள் காலையில் மணப்பெண்ணின் தாயார் போன் செய்தார். புகார்தாரர் வீட்டு வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது என்றும், பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். "நீங்க என் கண்ணு முன்னாடிதானே அழிச்சீங்க" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.  இத்தனை வருடத்தில் என் வாய் பேசாமல் போனது அன்றுதான்.

அதன் பிறகு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்ரீவத்சனும் வந்திருந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். பெட்டி குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் தன்னிடம் இருப்பதையெல்லாம் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும், ஸ்னாப்ஷாட் என்று அதற்குப் பெயர் என்றும், யாராவது தெரியாமல் அழித்துவிட்டால் மீட்பதற்காகத் தான்தான் பெட்டியை அப்படி அமைத்ததாகவும், அது வெளியே தெரியாது என்றும், சக்திவேல் பழைய தேதிக்குத் திருப்பியது அதிலிருந்துதான் என்றும், என் தடை இல்லாததால் டிவி அந்தப் படங்களையும் எடுத்துக்கொண்டது என்றும் சொன்னார். "வாசல்ல மாட்டிருந்த பேர்ப்பலகையைத்தான் நீங்க கழட்டினேள் மேடம். ஆள் ஆத்துக்குள்ளேயேதான் இருந்தா" என்றார். அழித்த பிறகும் டிவியில் ஓடியது ஏன் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் காட்டும் படங்களைச் சீக்கிரம் எடுக்க வசதியாக டிவி தனியாகச் சின்ன நகல் வைத்துக்கொள்ளும் என்றும், அது கேஷ் எனப்படும் என்றும் சொன்னார்.

நான் இடிந்துபோய்ப் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு பெண் மட்டும் இல்லை. எத்தனை தாய்மார்களை அந்த அறைக்கு அழைத்துப் போய், பிஸ்மில்லா சொல்லி அழித்துக் காட்டியிருக்கிறேன். பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்துப்போடும் வழக்கமே இல்லையா என்று கேட்டேன். இடம் இருக்கும் வரை அழிக்க வேண்டாம் என்று மகேஷ் சொல்லியிருந்ததாக ஸ்ரீவத்சன் சொன்னார். மகேஷ் குனிந்த தலை நிமிரவில்லை. அப்படியென்றால் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகம் இருண்டது என்று நினைத்ததாம். அந்தப் பூனை நான்தான்.

அன்று மதியம் உதவி ஆய்வாளர் அம்மா எனக்குப் போன் செய்தார். நான் படங்களைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்து வெளியே கொடுத்ததாகப் புகார் வந்திருப்பதாகச் சொல்லி, "சர்வர்ல எதையும் தொடாதீங்க, நாங்க வந்து எடுத்துக்குறோம்" என்றார். சரி என்றேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது, புரிந்தது. இதை நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு மணப்பெண்ணும் தாயாரும் ஆட்டோவில் வந்தார்கள். மணப்பெண் என்னைக் காலா என்று, சின்னம்மா முறை வைத்துக் கூப்பிடுவாள். அவள் அழவில்லை. மருதாணி நகத்தில் மட்டும் பாக்கி இருந்தது. ஸ்ரீவத்சன் சொன்னதையெல்லாம் மறுபடி கேட்டுக்கொண்டாள். பிறகு, "காலா, இதை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போனா அங்க யார் திறந்து பாப்பாங்க?" என்று கேட்டாள். பெண் போலீஸ் பார்ப்பார்கள் என்றேன். "அப்புறம் கோர்ட்ல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "இதுவரைக்கும் பாத்தவங்கள ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே ஒருத்தர் கூட பாக்கக் கூடாது. அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றாள்.

நான் ஸ்ரீவத்சனிடம் எல்லா ஸ்னாப்ஷாட்டையும் அழிக்கச் சொன்னேன். அவர் மறுத்தார். அன்றைக்குத் தாயார் முன் நான் அழித்ததற்கு முன்னால் பிடித்த ஸ்னாப்ஷாட்டில் படம் இருப்பதும், அதற்குப் பின்னால் பிடித்ததில் இல்லாததும்தான் நான் உண்மையாகவே அழித்தேன் என்பதற்கு ஒரே அத்தாட்சி என்று சொன்னார். "இதை அழிச்சா உங்களுக்குச் சாட்சியே கிடையாது மேடம், புரியறதா" என்றார். மகேஷும், "கமரம்மா, ஜெயிலுக்குப் போயிருவிய, சொன்னா கேளுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பயமாக இருந்தது.  ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை வைத்து நான் நல்லவள் என்று நிரூபித்துக்கொள்வதா என்று நினைத்தபோது அந்தப் பயத்தை விட அருவருப்பு பெரிதாக இருந்தது. என் அமானத் அவள்தான், என் பெயர் இல்லை.

அதன் பிறகு நான் சொன்னதன்பேரில் ஸ்ரீவத்சன் கட்டளையை டைப் செய்து வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அழுத்தியது என் விரல். அவர் மேலும் மகேஷ் மேலும் இதில் குற்றம் இல்லை. இந்த முறை நான் பிஸ்மில்லா சொல்லவில்லை. கடை ஷட்டரை இறக்கி, டிவியை வேறு ப்ளக்கில் மாட்டி, அதில் இருந்த நகலையும் அவர் வழி சொல்ல நானே துடைத்தேன். பிறகு ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். காலியாக இருந்தது. அப்போது பெட்டியில் காலி இடம் கூடியது. கூடிக்கொண்டே போனது. முதல் முறை அழித்தபோது அசையாத கணக்கு அது. மணப்பெண் அந்த எண் ஏறி நிற்கும் வரை பார்த்துவிட்டு, என் தோளில் கை வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு உதவி ஆய்வாளர் அம்மா வந்தபோது பெட்டியை ஒப்படைத்தேன்.

தெருவில் ஒருவன் செல்போனில் பிடித்த படத்தை என்னால் அழிக்க முடியாது. அவனைப் பிடிப்பது உங்கள் வேலை. நான் படத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்கு இப்போது என்னிடம் அத்தாட்சி இல்லை, சொல் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வாக்குமூலத்தை அம்மா முதலில் கணினியில் டைப் செய்தார். பதற்றத்தில் நான் மணப்பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டேன். அம்மா அதையும் டைப் செய்துவிட்டார். எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "அழிச்சிட்டேம்மா" என்றார். நிஜமாகவே போய்விட்டதா, உள்ளே எங்காவது இருக்குமா என்று கேட்டேன்.  "தெரியலம்மா" என்றார். பிறகு அந்தக் கணினியை அப்படியே நிறுத்திவிட்டு, வெள்ளைத் தாள் எடுத்து, முதல் வரியிலிருந்து பேனாவால் எழுதினார். இந்தத் தாளில் அந்தப் பெயர் இல்லை.

அம்மா இதை வாய்விட்டுப் படித்தார், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கமர் ஜஹான்

என் முன் சொல்ல, என் கையால் எழுதியது.
(ஒப்பம்) முத்துலட்சுமி, உதவி ஆய்வாளர்